கரியைப் பிடிக்க வைக்கத் தேவை காற்று: 7 வருட பார்பிக்யூ அனுபவம்

வீட்டுக் கொல்லையில் கரி போட்டுச் சுடும் பார்பிக்யூ அடுப்பு வாங்கி 7 வருடம் ஆகிறது. மழை இல்லாத வார இறுதிகளில் அநேகமாக மூட்டிவிடுவோம். சுடுவது பிடிபட அதிக நாள் ஆகவில்லை. கரியைப் பிடிக்க வைப்பதுதான் முதல் 2 வருடம் பாடாய்ப் படுத்தியது. எத்தனையோ வழிகளைப் பார்த்தாகிவிட்டது. இப்போது கையில் நிற்பது ஒன்றுதான்.

எல்லாரையும் போல நானும் முதலில் வாங்கியது கரி மேல் ஊற்றிப் பற்றவைக்கும் திரவம். கரியைக் குவித்து, ஊற்றி, ஒரு நிமிடம் ஊறவிட்டுக் குச்சியைக் கிழித்துப் போட்டால் குப்பென்று தீ எழும். பார்க்கவே நம்பிக்கையாக இருக்கும். 4 நிமிடத்தில் அத்தனையும் அடங்கிவிடும். கிளறிப் பார்த்தால் மேல் துண்டுகளின் ஓரம் மட்டும் வெளுத்திருக்கும், உள்ளே எல்லாம் கறுப்பாகவே கிடக்கும். எரிந்து போனது திரவம்தான், கரிக்குச் சூடு ஏறவே இல்லை. திரவத்தின் வாடை முழுக்கப் போவதற்குள் சுட்டால் சாப்பாட்டிலும் அது ஏறிவிடுகிறது. கரி முழுவதும் சாம்பல் பூக்கும்வரை காத்திருந்தால் வாடை இல்லை. ஆனால் பசியோடு சுற்றி நிற்கிறவர்கள் அதுவரை விடமாட்டார்கள்.

அந்தப் புட்டியை வீட்டை விட்டே அகற்றியதற்குக் காரணம் வேறு. இரண்டாம் வருடம் ஒரு நாள், தீ அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி கொஞ்சம் ஊற்றினேன். கரியிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. அந்தப் புகை ஊற்றிய திரவத்தின் ஆவி என்பது அப்போது எனக்குத் தெரியாது. நீறு பூத்த நெருப்பு என்று சொல்வோமே, அப்படி அடியில் ஒரு கங்கு இருந்திருக்கிறது. அடுத்த நொடி முகத்தருகே தீ எழுந்தது. முன்கை முடி கருகியதோடு போயிற்று. சூடான கரி மேல், அது அணைந்தது போலவே தெரிந்தாலும், ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். பெட்ரோலை எந்த நிலையிலும் கிட்டே கொண்டுவர வேண்டாம்.

அதற்கப்புறம் வந்ததுதான் சிம்னி ஸ்டார்ட்டர். பெயர்தான் பெரிது, மேலும் கீழும் திறந்த ஒரு தகர உருளை, கைப்பிடி, உள்ளே அடிப்பக்கமாக ஒரு கம்பித் தட்டு, கீழே சுற்றிலும் துளைகள், அவ்வளவுதான். தட்டுக்கு மேல் கரி, கீழே காகிதம். காகிதம் எரிந்து உள்ளிருக்கும் காற்று சூடாகி மேலே ஏற, கீழ்த் துளைகள் வழியாகப் புதுக் காற்று தானாக இழுபடுகிறது. விசிறி வைத்து நாம் செய்யும் வேலையை உருளையின் வடிவமே செய்துவிடுகிறது. கரி பிடிக்காததற்குத் தீ போதவில்லை என்று அத்தனை நாள் நினைத்திருந்தேன். போதாதது காற்று என்பது இதைப் பயன்படுத்தியபோதுதான் புரிந்தது.

காகிதம் வைப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது. உருண்டையாகக் கசக்கித் திணித்தால் துளைகள் அடைபட்டு, புகைந்தே அணைந்துவிடும். நான் செய்தித்தாள் 2 தாளைத் தளர்வாக முறுக்கிச் சும்மாடு போல வளைத்து, நடுவில் இடைவெளி விட்டு வைக்கிறேன். காகிதத்தில் சமையல் எண்ணெய் லேசாகத் தடவினால் இன்னும் நேரம் நின்று எரிகிறது. முதல் 5 நிமிடம் கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை வரும். அதைப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று பலர் கிளறப் போவார்கள். கிளறக் கூடாது. 10 நிமிடத்தில் புகை மெலிந்து, உள்ளிருந்து படபடவென்று சின்னச் சத்தம் கேட்கும். துளை வழியே குனிந்து பார்த்தால் அடிக்கரி ஆரஞ்சாகத் தெரியும். மேல் துண்டுகளின் விளிம்பில் சாம்பல் படர்ந்து, இடுக்கில் நாக்கு நாக்காகத் தீ எட்டிப் பார்க்கும்போது அடுப்பில் கொட்ட வேண்டியதுதான். 15 முதல் 20 நிமிடம் போதும். கொட்டும்போது தடித்த தோல் கையுறை கட்டாயம். வாயை நம் பக்கம் இல்லாமல் வெளிப்பக்கமாகச் சாய்க்க வேண்டும், பொறி பறக்கும்.

குறைகளும் உண்டு. அடிப்பக்கம் துருப்பிடிக்கிறது, கைப்பிடித் திருகு தளர்கிறது. முதலில் வாங்கியது 4 வருடத்தில் தட்டு இற்றுவிட்டது, இது இரண்டாவது. சிமெண்ட் தரையில் வைத்து மூட்டினால் சூட்டில் தரை பெயர்ந்து தெறிக்கலாம். அடுப்பின் அடிக்கம்பி மேலேயே வைத்து மூட்டுவது நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்சாரக் கம்பிச் சுருள் சுத்தமாக வேலை செய்கிறது, ஆனால் பிளக் இருக்கும் இடத்தோடு நம்மைக் கட்டிப்போடுகிறது. வேலை முடிந்ததும் சிவக்கச் சிவக்க இருக்கும் அதைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பதும் ஒரு கவலை. சூடான காற்றை ஊதும் கருவி வேகம்தான், ஆனால் பொறியை வாரி இறைக்கிறது. மெழுகுக் கட்டிகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. காற்றடிக்கும் நாளில் காகிதத்துக்குப் பதிலாக ஒன்றை சிம்னிக்கு அடியில் வைத்துவிடுகிறேன்.

எந்த வழியானாலும் ஈரக் கரி காலை வாரிவிடும். கரி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பை திறந்தே கிடந்த ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அரை மணி நேரம் போராடியிருக்கிறேன். இப்போது மூடி போட்ட வாளியில்தான் வைக்கிறேன். மரத்துண்டுக் கரி சீக்கிரம் பிடித்துச் சீக்கிரம் அடங்கும், பொறியும் அதிகம். கரித்தூளை அச்சில் அழுத்திச் செய்த கட்டியான பிரிக்கெட் மெதுவாகப் பிடித்து, நெடுநேரம் ஒரே சீராகக் கனன்று கொண்டிருக்கும்.

மழை தூறினாலும் அடுப்பை வீட்டுக்குள்ளோ கார் ஷெட்டுக்குள்ளோ நகர்த்தாதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை அடங்கிக் கங்கு அழகாகச் சிவந்திருக்கும்போதும் அது வந்துகொண்டுதான் இருக்கும்.

சுட்டு முடித்ததும் மூடியைப் போட்டு மேல் துளை, கீழ்த் துளை இரண்டையும் அடைத்துவிடுகிறேன். காற்று நின்றதும் கரி தானாக அணைகிறது, மிச்சத் துண்டுகள் எரிந்து வீணாவதில்லை. சாம்பலை 2 நாள் கழித்துத்தான் அள்ளுகிறேன், அதுவும் தகர வாளியில். மிச்சத் துண்டுகளை அடுத்த முறை நன்றாக உதறி, சாம்பல் போன பிறகு புதுக் கரியோடு கலந்து சிம்னியில் போடுகிறேன். உதறாமல் போட்ட நாட்களில் சாம்பல் கீழே இறங்கித் தட்டை அடைத்துக்கொண்டு, கரி பிடிக்க மேலும் 10 நிமிடம் ஆகியிருக்கிறது.