பில் வேறு, திரை வேறு

2016-இலிருந்து ஒரு பில்லிங் மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். சி ஷார்ப் மொழி, விண்டோஸ் திரைகளுக்கான மைக்ரோசாஃப்டின் டபிள்யூபிஎஃப். ஆரம்பத்தில் பில், சரக்கு, வாடிக்கையாளர் என்று எல்லா கிளாஸிலும் (தரவும் அதன் கணக்கும் சேர்ந்த கோட் துண்டு) ஐநோட்டிஃபைபிராப்பர்ட்டிசேஞ்ச்டு என்ற, மாற்றத்தைத் திரைக்குச் சொல்லும் இன்டர்ஃபேஸைப் போட்டு, ஒவ்வொரு பிராப்பர்ட்டியின் மதிப்பையும் மாற்றும் செட்டரிலும் "மாறிவிட்டேன்" என்று கூவ வைத்திருந்தேன். அளவை மாற்றினால் மொத்தம் தானாக மாறும். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. வாட் இருந்த இடத்தில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. வெளிமாநிலம் என்றால் ஐஜிஎஸ்டி. எது மாறினால் எதற்காகக் கூவ வேண்டும் என்ற பட்டியல் செட்டர்களுக்குள் நீண்டுகொண்டே போனது. ஒன்றை மறந்தேன். திரையில் பழைய மொத்தம், பிரின்டில் புது மொத்தம். "எதுப்பா சரி?" என்று கடைக்காரர் போனில் கேட்டார்.

அப்புறம் எக்ஸெலிலிருந்து 400 வரிசைகளை பில்லுக்குள் இறக்கினேன். யாரும் பார்க்காத மொத்தத்தை ஒவ்வொரு வரிசைக்கும் கணக்கிட்டது. சரி, திரையைத் தடுக்காமல் தனியாக ஓடும் பின்னணி த்ரெட்டுக்குத் தள்ளுவோம் என்றால், அங்கேயும் அடி. தனி பிராப்பர்ட்டி மாற்றத்தை டபிள்யூபிஎஃப் தானே திரையைக் கையாளும் யுஐ த்ரெட்டுக்குக் கொண்டுபோய்விடும். ஆனால் திரையோடு இணைந்த பட்டியலான அப்சர்வபிள்கலெக்ஷனில் வேறு த்ரெட்டிலிருந்து ஒரு வரிசை சேர்த்தால் எக்ஸப்ஷன், அதாவது பிழை. பாதி பில்லை பைனரிஃபார்மேட்டர் என்ற, ஆப்ஜெக்டை அப்படியே ஃபைலாக்கும் கருவியில் சேமிக்கப் போனபோது, அந்தக் கூவலைக் கேட்டுக்கொண்டிருந்த டபிள்யூபிஎஃப் ஆட்களையும் சேர்த்து மூட்டை கட்டப் பார்த்து விழுந்தது.

"பில் மாதிரியான பிசினஸ் கிளாஸ், திரையை (யுஐ) நம்பி இருக்கக் கூடாது" என்பார்கள். அது அரைகுறை வாதம். அந்த இன்டர்ஃபேஸ் இருப்பது திரைக்கான நூலகத்தில் இல்லை, டாட்நெட்டின் பொதுவான சிஸ்டம்.காம்பொனன்ட்மாடலில்; டபிள்யூபிஎஃப்புக்கு முன்பே வந்தது. எனக்கு வலித்தது வேறு இடம்: எப்போது கூவுவது என்பது பில்லுக்குத் தெரியாது. விலை மாறி, வரி இன்னும் மாறாத அந்த நடு நொடியில் திரை எட்டிப் பார்த்துவிடும்.

2018 கடைசியில் பிரித்தேன். பில் இப்போது வெறும் கணக்கு. திரைக்கும் பில்லுக்கும் நடுவில் நிற்கும் வியூமாடல் என்ற கிளாஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு செயல் முழுதாக முடிந்ததும் பிராப்பர்ட்டி பெயரை வெற்று ஸ்ட்ரிங்காகக் கொடுத்து ஒரே ஒரு அறிவிப்பு விடும். எல்லாமே மாறிவிட்டது என்று பொருள். முரட்டு வழிதான், ஆனால் ஒரு பில் திரைக்கு வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அதே பில் கிளாஸ் பின்னாளில் சர்வரிலும் கோடில் ஒரு எழுத்துகூட மாறாமல் ஓடியது.

இழப்பும் உண்டு. முன்பு ஒரே வாடிக்கையாளர் இரண்டு ஜன்னலில் திறந்திருந்தால் இரண்டும் சும்மாவே ஒத்துப்போகும். இப்போது இரண்டாவது ஜன்னல் பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். கம்யூனிட்டி டூல்கிட் என்ற இலவச நூலகத்தில், ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும் மெசஞ்சரை வைத்துத்தான் சரிக்கட்டினேன். ஒரே பிராப்பர்ட்டியை பில்லிலும் வியூமாடலிலும் இரண்டு முறை எழுதும் சலிப்பு, 2022-இல் அந்த டூல்கிட்டின் 8.0 பதிப்பு நிரல் வரிகளைத் தானே உருவாக்கித் தர ஆரம்பித்த பிறகு பாதியாகக் குறைந்தது.

பிரின்டர், கடை முகவரி மாதிரியான செட்டிங்ஸ் திரைகள் மட்டும் இன்றும் பழைய முறையில்தான் இருக்கின்றன. நான்கு பெட்டி, ஒரு சேமி பட்டன். அதில் கை வைக்கிற எண்ணம் இல்லை.