கவுட் வலிக்கு முடக்கத்தானா, செங்காந்தளா, கோல்சிசின் மாத்திரையா?

கவுட் என்னும் மூட்டுவலி என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது முடக்கத்தான். தோசையிலும் ரசத்திலும் காலங்காலமாகச் சேர்க்கும் கீரை. உணவாகச் சாப்பிட அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இந்த வலியின் வேர் வேறு. இரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், கரையாமல் ஊசிப் படிகங்களாக மூட்டில் படியும். அவற்றை வெள்ளணுக்கள் தாக்கும்போதுதான் பெருவிரல் சிவந்து கொதிக்கிறது. முடக்கத்தான் அதை அடக்கும் என்பதற்கு நோயாளிகளிடம் நடத்திய உறுதியான ஆய்வு எதையும் காட்ட முடியாது. 'சாப்பிட்டேன், நின்றுவிட்டது' என்பவர்கள் பொய் சொல்லவில்லை. மருந்தே இல்லாவிட்டாலும் இந்த வலி ஒன்றிரண்டு வாரத்தில் தானே தணியும். நல்ல பெயர் மட்டும் ரசத்துக்குப் போய்விடும்.

செங்காந்தளை அப்படித் தள்ளிவிட முடியாது. நம் மாநில மலரான அதன் விதையிலும் கிழங்கிலும் கோல்சிசின் இருக்கிறது. கவுட் வலியை உண்மையிலேயே அடக்கும் பொருள் அது. விதைக்காகவே திண்டுக்கல் பக்கம் இதைப் பயிரிடுகிறார்கள். விவசாயிகளுக்கு இது கண்வலிக்கிழங்கு. ஐரோப்பாவிலும் இதே பொருளை 1820இல் கோல்சிகம் என்ற செடியிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். ஆக, மாத்திரையின் பூர்வீகமும் மூலிகைதான்.

அப்படியானால் கிழங்கையே இடித்துக் குடித்தால் என்ன? உயிர் போகும். கோல்சிசினில் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஒரு துண்டுக் கிழங்கில் அது எவ்வளவு இருக்கிறதென்று எந்தக் கண்ணாலும் அளக்க முடியாது. மாத்திரையிலேயே முன்பு வயிற்றுப்போக்கு வரும்வரை கொடுத்துவந்தார்கள். 2010இல் வெளியான ஆய்வு, ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கும் 1.8 மில்லிகிராம், ஆறு மணி நேரத்தில் கொடுக்கும் 4.8 மில்லிகிராமுக்கு நிகராக வலியைத் தணிப்பதையும், வயிற்றுப்போக்கு வெகுவாகக் குறைவதையும் காட்டியது. வலி தொடங்கிய முதல் 12 மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது. சிறுநீரகம் பழுதானவர்களும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

பெயர் விவரம் இல்லாத 'மூட்டுவலிப் பொடி'தான் எனக்கு மிகுந்த கவலை. சில மணி நேரத்தில் வலியை அள்ளிக்கொண்டு போனால், ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு அது பெரிய ஆபத்து.

இன்னொன்று: கோல்சிசின் வலியைத்தான் தணிக்கும், யூரிக் அமிலத்தைக் குறைக்காது. அதற்கு அலோபியூரினால் போன்ற மருந்தை, யூரிக் அமிலம் 6 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்கும்படி ஆண்டுக்கணக்கில் எடுக்க வேண்டும். தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி மீண்டும் தலைகாட்டலாம். அதற்குக் காவலாகவே சிறிய அளவில் கோல்சிசினையும் சேர்த்துத் தருவார்கள். பலர் இந்த இடத்தில்தான் 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று அலோபியூரினால் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள், உடலில் அரிப்போ தடிப்போ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.