விசில் இல்லாத குக்கரோடு மூன்று வருடம்

அம்மாவுக்கு எழுபது தாண்டியதும் காது மந்தமாகிவிட்டது. முதலில் காலிங் பெல் கேட்கவில்லை, அப்புறம் போன், கடைசியில் குக்கர் விசில். ஒரு நாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது வாசலிலேயே பருப்பு தீய்ந்த வாடை. அம்மா ஹாலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "மூணு விசில்தானடி வந்துச்சு, இன்னும் ஒண்ணு வரட்டும்னு இருக்கேன்" என்றார். அடுப்பில் குக்கர் தண்ணீரெல்லாம் வற்றி, அடி கறுத்து நின்றது. சத்தம் போடாமல் அணைத்துவிட்டேன். அந்த வாரமே எலெக்ட்ரிக் பிரஷர் குக்கர் வாங்கினேன். ஆறு லிட்டர், 1000 வாட், உள்ளே எவர்சில்வர் பாத்திரம். உறையூரில் எங்கள் வீட்டில் மூன்று பேர். மூன்று வருடமாக அநேகமாகத் தினமும் அதில்தான் பருப்பும் சோறும்.

வாங்கியவுடன் சமைக்காமல், மூன்று டம்ளர் தண்ணீர் மட்டும் ஊற்றி ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது நல்லது. புது ரப்பர் வாடை குறையும். எங்கிருந்து ஆவி வரும், எங்கிருந்து வரக்கூடாது என்பதும் பிடிபடும். மூடியில் சின்னதாக ஒரு உலோகப் பின் இருக்கும். பிரஷர் ஏறினால் அது மேலே எழும்பும். பிரஷர் முழுக்க அடங்கிய பிறகுதான் கீழே விழும், அதுவரை மூடி திறக்காது. அம்மாவுக்கு நான் முதலில் காட்டியது இதைத்தான். பட்டன்கள் எல்லாம் பிறகு. "இது எழும்பியிருந்தா கை வைக்காதம்மா, விழுந்துட்டா திற." காதுக்கு இருந்த வேலை கண்ணுக்கு மாறியது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. நாற்பது வருடச் சமையல் முழுவதும் விசில் கணக்கில் அம்மாவின் தலைக்குள் இருந்தது. பருப்புக்கு நாலு, கொண்டைக்கடலைக்கு ஏழு, கறிக்கு ஐந்து வந்ததும் சிம்மில் பத்து நிமிடம். இந்தக் குக்கர் கேட்பதோ நிமிடம். விசிலை நிமிடமாக மாற்ற நேரான வாய்ப்பாடு கிடையாது. அடுப்பு எவ்வளவு எரிகிறது என்பதைப் பொறுத்து ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் இடைவெளி மாறும். இன்னொரு விஷயம், அடுப்புக் குக்கரில் வெயிட் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ, அதாவது சுமார் 100 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் தூக்கும். உள்ளே 120 டிகிரி வரை சூடு போகும். என் எலெக்ட்ரிக் குக்கரின் அடியில் 70 கிலோபாஸ்கல் என்று அச்சிட்டிருக்கிறது. அந்த அழுத்தத்தில் சூடு 115 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஐந்து டிகிரிதானே என்று தோன்றும். கொண்டைக்கடலையைக் கடித்துப் பார்த்தால் தெரியும்.

அதனால் ஒரு பழைய டைரியை ஆணியில் தொங்கவிட்டு ஒவ்வொன்றாக எழுதினோம். துவரம்பருப்பு ஒரு டம்ளருக்கு இரண்டரைத் தண்ணீர், 12 நிமிடம். ராத்திரி ஊறிய கறுப்புக் கொண்டைக்கடலை 22, ஆட்டுக்கறி 25, நெஞ்செலும்பு சூப் 40. பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கு 8. இவை எங்கள் வீட்டுப் பாத்திரத்துக்கும் நாங்கள் வாங்கும் பருப்புக்கும் சரிப்பட்ட கணக்கு. உங்கள் வீட்டில் இரண்டு நிமிடம் முன்னே பின்னே ஆகலாம். ஆனால் ஒரு முறை எழுதிவிட்டால் அது அப்படியே நிற்கும். காஸ் தீரப்போகிற சமயத்தில் தீ குறைகிறதே என்ற கவலை இதில் இல்லை. புளித்தண்ணீரை மட்டும் பருப்போடு சேர்த்து வைத்துவிடாதீர்கள். புளிப்பு சேர்ந்தால் பருப்பு மசியாது. வெந்த பிறகுதான் ஊற்ற வேண்டும்.

முதல் வாரம் சோறு குழைந்து குழைந்து வந்தது. அம்மாவுக்குக் கோபம். காரணம் புரிய எனக்கு நாலு நாள் ஆனது. அடுப்புக் குக்கர் ஒவ்வொரு விசிலிலும் தண்ணீரை ஆவியாக வெளியே தள்ளுகிறது. நாம் அந்த இழப்பையும் சேர்த்தே அளந்து பழகியிருக்கிறோம். இதில் பின் எழும்பிவிட்டால் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். பொன்னி புழுங்கலரிசிக்கு ஒன்றுக்கு மூன்று வைத்துக்கொண்டிருந்தோம். இருபது நிமிடம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டேகால் என்று குறைத்து, 10 நிமிடம் வைத்தால் பதமாக உதிரி உதிரியாக வருகிறது. குழம்பு, குருமா எல்லாவற்றுக்கும் இதே பாடம்தான். ஆனால் தண்ணீரைக் குறைக்கிறேன் என்று ஒன்றரைக் கப்புக்குக் கீழே போனால் பிரஷர் ஏறத் தேவையான ஆவி கிடைக்காது, அடியும் பிடிக்கும்.

நேரம் மிச்சமாகும் என்று நினைத்து வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மிச்சமாகாது. 12 நிமிடம் என்று அழுத்தினால், அந்தப் பன்னிரண்டு தொடங்குவதே பிரஷர் ஏறிய பிறகுதான். ஏறுவதற்கு ஒன்பது பத்து நிமிடம், தானாக அடங்குவதற்கு இன்னும் அவ்வளவு. பருப்புக்கு மொத்தம் அரை மணிக்கு மேல். அடுப்பில் இதைவிடச் சீக்கிரம் முடியும். எங்களுக்குக் கிடைத்தது வேறு. பருப்பை வைத்துவிட்டு அம்மா பக்கத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் வரலாம். வரும்போது திரையில் ஓடும் எண், முடிந்து எத்தனை நிமிடம் ஆனது என்பதைக் காட்டும். அதன் பீப் சத்தமும் அம்மாவுக்குக் கேட்பதில்லை. அந்த எண் பெரிதாக இருக்கிறது, கண்ணாடி இல்லாமலே படிக்கிறார்.

பருப்பு, அரிசி வைத்த நாளில் ஆவியை அவசரமாகத் திறந்துவிடாதீர்கள். கஞ்சி நுரைத்துக்கொண்டு வால்வு வழியாகச் சுவர் வரை தெறிக்கும். பருப்பில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டால் நுரை அடங்குகிறது. குக்கரை வைக்கிற இடத்துக்கு மேலே அலமாரி இருக்கவும் கூடாது. எங்கள் வீட்டு அலமாரியின் அடிப்பலகை நாலே மாதத்தில் உப்பிவிட்டது. இப்போது ஆவி விடும்போது மேடையின் ஓரத்துக்கு இழுத்துக்கொள்கிறோம்.

தாளிப்பு இதில் சரிவராது. வதக்கும் பட்டன் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உள்பாத்திரத்தின் அடி நடுவில் லேசாக மேடாக இருக்கிறது. ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் அது வட்டமாக ஓரத்துக்கு ஓடிவிடுகிறது. நடுவில் விழுந்த கடுகு வெடிக்காமல் வறண்டு கருகும், ஓரத்தில் விழுந்தது எண்ணெயில் மிதந்துகொண்டு யோசிக்கும். தாளிப்புக் கரண்டியை அடுப்பில் வைத்துத் தாளித்துக் கொட்டுவதே உத்தமம். வெங்காயம் தக்காளி வதக்குவதற்குப் பரவாயில்லை. வதக்கி முடித்ததும் அரை டம்ளர் தண்ணீர் விட்டு, அடியில் ஒட்டியதை மரக்கரண்டியால் சுரண்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் அடிப்பிடிக்கிறது என்று எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். இட்லிக்கு வால்வைத் திறந்தே வைக்க வேண்டும். பிரஷர் ஏறாததால் குக்கரின் கடிகாரம் ஓடாது. போனில் 12 நிமிடம் வைத்துக்கொள்கிறேன்.

மூடிக்குள் இருக்கும் சிலிக்கோன் வளையத்தைப் பற்றி வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. அது வாடையை உறிஞ்சிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை நெஞ்செலும்பு சூப் வைத்தோம். வெள்ளிக்கிழமை சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல். மூடியைத் திறந்ததும் ஏலக்காய்க்கு முன்னால் மிளகும் கறியும் மணந்தது. அம்மா அதைப் படைக்கவே இல்லை. அடுப்பில் உருளியை வைத்து முதலிலிருந்து கிண்டினார். கழுவினாலும் வெயிலில் காயவைத்தாலும் அந்த வாடை முழுசாகப் போகவில்லை. மறுநாளே இன்னொரு வளையத்துக்குச் சொல்லிவிட்டேன். இன்றைக்கும் கறிக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. கறி வளையத்தில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறோம். மூடியில் மாட்டும்போது நூலைக் கழற்றிவிட வேண்டும்.

இரண்டாவது வருடம் முடிகிற சமயம் பின் எழும்பாமல் அடம்பிடித்தது. மூடி ஓரத்தில் ஆவி கசிந்தது. மிஷினே போய்விட்டது என்று பயந்தேன். வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் தொளதொளவென்று விரிந்திருந்தது. பழுது அவ்வளவுதான். ஆனால் கறி வளையத்தைப் பருப்புக்கு மாட்ட அம்மாவுக்கு மனசில்லை, புது வளையம் வர ஆறு வாரம் ஆனது. மூன்று முறை போன் செய்தும் "வந்துவிடும்" என்ற ஒரே பதில்தான். அந்த ஆறு வாரமும் அம்மா மறுபடி விசில் கேட்க அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வாங்கும்போதே உதிரி வளையமும் சேர்த்து வாங்குங்கள். உள்ளூரில் உதிரி பாகம் கிடைக்காத குக்கர் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

இன்னொரு விபத்தும் நடந்தது. உள்பாத்திரம் தேய்க்கப் போட்டிருந்த நேரத்தில், அது உள்ளேதான் இருக்கிறது என்று நினைத்து அம்மா இரண்டு டம்ளர் தண்ணீரை நேராக ஹீட்டர் தட்டில் ஊற்றிவிட்டார். பிளக் சொருகவில்லை, அந்த மட்டும் பிழைத்தோம். பிளக்கைத் தொடாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். பிரித்து உலர்த்தி, சோதித்துக் கொடுக்க 450 ரூபாய் வாங்கினார். அன்று முதல் பாத்திரத்தை வெளியே எடுத்தால் அந்த இடத்தில் ஒரு தட்டைக் கவிழ்த்துவிடுகிறோம்.

கரண்ட் செலவைப் பிளக்கில் மீட்டர் மாட்டிப் பார்த்தேன். ஒரு தரம் பருப்புக்குக் கால் யூனிட்டுக்கும் குறைவு. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருப்பதால் பில்லில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நடுவில் கரண்ட் போனால் பதறாமல் மூடியபடியே விட்டுவிடுவோம். இருக்கிற சூட்டிலேயே பருப்பு முக்கால்வாசி வெந்திருக்கும். என்னுடையது கரண்ட் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடி அழுத்த வேண்டும். எங்கள் வீட்டுச் சின்ன இன்வெர்ட்டர் 1000 வாட்டைத் தாங்காது.

போன வாரம் டைரியைப் புரட்டினேன். என் கையெழுத்துக்குக் கீழே, பென்சிலில், அம்மாவின் எழுத்து. "கொள்ளு 25 பத்தல. நாளைக்கு 28."