98 குழி நாற்றுத்தட்டு கிட்: தட்டு தேறும், மூடிதான் வினை

பிளாட்வாசிகளைக் குறிவைத்து ஆன்லைனில் விற்கும் நாற்று கிட்டுகள் பெரும்பாலும் ஒரே அச்சு. 14-க்கு 7 வரிசையில் 98 குழி கொண்ட கறுப்புத் தட்டு, பிளாஸ்டிக் மூடி, 650 கிராம் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி.

தட்டைக் குறை சொல்ல அதிகமில்லை. நர்சரிகளில் மிளகாய், தக்காளி, கத்தரி நாற்று விடும் அதே தட்டுதான். கனம் மட்டும் பார்த்து வாங்கவும். ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் நடுவில் துவளும் தட்டு, முதல் தடவை நாற்றைப் பறிக்கும்போதே கிழியும். ஜன்னலோரத்துக்கு 98 குழி கொஞ்சம் அதிகப்படி. ஒரு குழி சுமார் 25 மி.லி.தான் பிடிக்கும், காலையில் நனைத்தது ஃபேன் காற்றில் மாலைக்குள் காய்ந்துவிடும். 50 குழித் தட்டு உத்தமம். வீட்டுக்குப் பத்து மிளகாய்ச் செடி வேண்டும் என்றால் 98 நாற்றை யார் தலையில் கட்டுவது?

கோகோபீட் கட்டியை 3 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்தால் 8 லிட்டர் வரை பொங்கும். ஒரு தட்டுக்கு 3 லிட்டருக்கு உள்ளேதான் ஆகும், மிச்சம் எடுத்து வைக்கலாம். ‘அப்படியே பயன்படுத்தலாம்’ என்று உறையில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். தேங்காய் மட்டையின் உப்பு அதில் இருக்கும், இளநாற்றின் இலை விளிம்பு கருகும். ஊறவைத்துப் பிழிந்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றவும். வீட்டில் டிடிஎஸ் மீட்டர் (நீரில் கரைந்த உப்பை அளப்பது) இருந்தால் பிழிந்த நீரில் வைத்துப் பாருங்கள்; குழாய்த் தண்ணீரைவிட எண் ரொம்ப ஏறினால் இன்னொரு அலசல். நிரப்பும்போது ஒரு கைப்பிடியை இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது.

வினை மூடியில்தான். ‘நடும் வரை மூடி வைக்கவும்’ என்கிறது குறிப்புத்தாள். அப்படிச் செய்தால் நாற்றழுகல் நிச்சயம். தண்டு அடியில் நீர்கோத்து நூலாக இளைக்கும், நாற்று சாயும். மேலே இலை இன்னும் பச்சையாகவே இருப்பதால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள், பக்கத்துக் குழிக்கும் பரவும். தக்காளி 5–6 நாளில், மிளகாய் 8–10 நாளில் முளைக்கும். பாதி விதை தலைகாட்டியதும் மூடியை எடுத்து ஓரமாகப் போடவும். அதன்பின் மேலே தெளிக்காமல், தட்டை ஒரு செ.மீ. தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்தி எடுப்பதே பாதுகாப்பு. நிரப்பும் முன்பே நாற்றழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சையான ட்ரைகோடெர்மா விரிடி ஒரு ஸ்பூன் கலந்துவிடுவது நல்லது.

கிட்டில் இல்லாதது வெளிச்சம். ஜன்னல் ஒளி மட்டும் போதாது, நாற்று கம்பியாக நீளும். 20 வாட் எல்இடி டியூப்லைட்டை நாற்றுக்கு மேல் 10–15 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, தினம் 14 மணி நேரம் எரியவிடவும்.

பெட்டூனியா போன்ற தூள் விதையை மட்டும் கோகோபீட் போட்டு மூடவே கூடாது. ஈரப் பல்குச்சி நுனியில் ஒட்டியெடுத்து மேலாக வைத்தால் போதும், அதற்கு வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். மிளகாய், தக்காளிக்கு அரை செ.மீ. ஆழம்.

கோகோபீட்டில் சத்து கிடையாது. முளைவிட்ட விதையிலைக்கு அடுத்து இரண்டு நிஜ இலை வந்தபின் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 2 கிராம், வாரம் ஒரு தடவை. தக்காளி 25 நாளிலும் மிளகாய் 35 நாளிலும் நடவுக்கு வரும். தண்டைப் பிடித்து இழுக்காமல், அடித்துளை வழியே பென்சிலால் தள்ளினால் வேர்ப்பந்து உடையாமல் வரும்.