"இதுவும் 48 ரீடுதான் சார்": மவுத் ஆர்கன் வாங்கப் போகிறவர்களுக்கு

2,600 ரூபாய் தண்டம் கட்டிவிட்டு இதை எழுதுகிறேன்.

ரிட்டயர் ஆனதும் முளைத்த ஆசை. கடையில் தெளிவாகத்தான் கேட்டேன்: "குரோமேட்டிக் வேண்டும், 12 ஓட்டை, 48 ரீடு." (குரோமேட்டிக் என்றால் அரை ஸ்வரங்கள் உட்பட எல்லா ஸ்வரமும் வருவது; ரீடு என்பது உள்ளே அதிர்ந்து சத்தம் தரும் உலோக நாக்கு.) விற்கிற பையன் பளபளவென்று நீளமாக ஒன்றை எடுத்து வைத்தான். "இதுவும் 48 ரீடுதான் சார், ஓட்டையும் அதிகம்." ஊதிப் பார்க்கச் சொன்னான். சத்தம் அலையலையாக வந்தது. மயங்கிவிட்டேன்.

வீட்டில் பெஹாக் ராகச் சாயலில் ஒரு மெட்டை எடுத்தேன். அதற்கு இரண்டு 'ம'வும் வேண்டும். சுத்த மத்யமம் வந்தது. அதற்கு அரை ஸ்வரம் மேலே இருக்கும் பிரதி மத்யமம் ஊதினாலும் இல்லை, இழுத்தாலும் இல்லை. ஒரு வாரம் என் உதட்டையே திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் கீழ் வரிசை ஓட்டைகளைக் காகிதத்தால் மூடிவிட்டு மேல் வரிசையை மட்டும் ஊதினேன். மேலே மூடிவிட்டுக் கீழே ஊதினேன். அதே ஸ்வரம், மயிரிழை பிசகி! அந்தப் பிசகில்தான் அலை பிறக்கிறது. இதன் பெயர் ட்ரெமலோ. 48 ரீடும் ஜோடி ஜோடியாக ஒரே ஸ்வரம் பாடுவதால் கையில் நிற்பது 24 ஸ்வரம், அத்தனையும் சி மேஜர், அதாவது நம் சங்கராபரண ஸ்வரங்கள் மட்டும். குரோமேட்டிக்கில் ஓர் ஓட்டைக்கு நாலு ரீடு; வலது ஓரத்துப் பொத்தானை அமுக்கினால் அதே ஓட்டை அரை ஸ்வரம் ஏறும். இரண்டும் 48தான், கணக்குதான் வேறு.

திருப்பிக் கொடுக்கப் போனால், "வாயில் வைத்ததை எடுக்க மாட்டோம் சார்." நியாயம்தான். ஊதிப் பார்க்கச் சொன்னது யார்? எனக்கு முன்னால் எத்தனை வாய் பார்த்ததோ அது!

சமாதானமாக 900 ரூபாய்க்கு 10 ஓட்டை டயடானிக்கை (ஒரே ஸ்கேலுக்கான சின்ன மவுத் ஆர்கன்) நீட்டினான்: "இதில் எல்லா ஸ்வரமும் வரும்." அதுவும் பாதி உண்மை. ப்ளூஸ் என்ற அமெரிக்க இசை வாசிப்பவர்களின் கருவி அது. சி டயடானிக்கில் கீழ் ஸ்தாயியில் மத்யமமும் தைவதமும் நேராகக் கிடையாது. இழுக்கும்போது நாக்கையும் தொண்டையையும் மாற்றி ரீடை வளைத்துத்தான் வரவழைக்க வேண்டும். என் வயதுக்கு அது யோகாசனம். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

எனவே பெட்டியைப் பார்க்காதீர்கள், பொத்தானைப் பாருங்கள். அமுக்கி ஊதி, விட்டு ஊதி, ஸ்வரம் மாறுகிறதா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

ட்ரெமலோவைக் குறை சொல்லவில்லை. மோகனம் அதில் அழகாகவே வருகிறது. நேற்று அந்தக் கடை வழியாகப் போனேன். கண்ணாடி அலமாரியில் அதே மாடல், பக்கத்தில் கையால் எழுதிய சீட்டு: 'குரோமேட்டிக், 48 ரீடு.'