நல்லூரில் ஒரு வாசிப்பு வகுப்பு

தரம் 6 பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமைகளில் நடைபெறும் இவ்வகுப்பில் என் மகளைச் சேர்த்து மூன்று மாதங்களாகின்றன. கடலோரச் சிறுவனொருவனைப் பற்றிய நாவலை வாசிக்கும்போது, அத்தியாயத்துக்கு ஐந்து கடினமான சொற்களை மட்டும் தெரிந்தெடுத்து, அகராதியைத் திறப்பதற்கு முன்னர், சூழவுள்ள வசனங்களைக் கொண்டே பொருளை ஊகிக்கச் செய்கிறார் ஆசிரியை. தென்மேற்கிலிருந்து வீசுவது சோளகம், வடகிழக்கிலிருந்து வருவது வாடை என்பதை, வள்ளத்தின் பாய் கிழியும் காட்சியிலிருந்து மகள் தானாகவே கண்டுகொண்டாள். (அம்மம்மாவிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.)

சொல்லட்டைகளின் அச்சுத்தான் கவலைக்குரியது. கடலைக் குறிக்கும் ‘ஆழி’ ஓர் அட்டையில் ‘ஆளி’ என்றிருந்தது. விஞ்ஞானப் பாடத்தில் மின்சுற்றின் ஆளியை (சுவிட்சை)ப் படிக்கும் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? முந்திய அத்தியாயச் சொற்களை மீளக் கேட்கும் வழக்கமும் இல்லை. ஆயினும், அடுத்த தவணைக்கும் பணம் கட்டிவிட்டேன்.