‘நைட்’ என்று எழுதிய வெள்ளை டப்பா: டி எடுக்கும் தம்பிகளுக்கு எச்சரிக்கை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துத் திருநம்பித் தம்பிகள் இதை முழுசாகப் படியுங்கள். டி, அதாவது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி தொடங்கிப் பரு கிளம்பியதும் கோவைப் பக்கம் ஒரு ‘ஸ்கின் அண்ட் ஹேர்’ சென்டருக்குப் போன நம் ஆட்கள் சிலர் பணமும் போய், தோலும் கெட்டு வந்திருக்கிறார்கள். பெயர் போடவில்லை. அந்தக் கடையை மூடினாலும் இதே வேலையைச் செய்ய நாலு கடை இருக்கும் என்பதால் ஆளைவிட ஆட்டத்தைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

ஆட்டம் இப்படி. வெள்ளைக் கோட்டு போட்டவர் முகத்தை லைட் வைத்துப் பார்ப்பார். ‘ஹார்மோன் பரு, சாதாரண க்ரீமுக்குக் கேட்காது’ என்று சொல்லி, பீலிங்கும் லேசரும் சேர்த்து ஒரு பேக்கேஜ் போடுவார். பணம் முழுக்க முன்கூட்டியே, அதுவும் பில் இல்லாமல். கையில் இரண்டு சின்ன வெள்ளை டப்பா வரும். ஒன்றில் மார்க்கர் பேனாவால் ‘டே’, இன்னொன்றில் ‘நைட்’. கம்பெனி பெயர், மருந்தின் பெயர், பேட்ச் நம்பர், காலாவதி தேதி எதுவும் கிடையாது.

நைட் டப்பாவைத் தடவினால் ஒரே வாரத்தில் சிவப்பு அடங்கும், நிறமும் வெளுக்கும். இந்த வேகமே நீங்கள் சந்தேகப்பட வேண்டிய விஷயம். பருவுக்கான எந்த உண்மையான மருந்தும் ஒரு வாரத்தில் இப்படி வேலை செய்யாது. அப்படிச் செய்வது ஸ்டீராய்டு. மெடிக்கலில் கிடைக்கும் வெளுப்பு க்ரீம்களில் மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின் மூன்றும் ஒரே ட்யூபில் இருப்பது சகஜம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசால் என்ற ஸ்டீராய்டுகள் கலந்தவை இன்னும் மோசம். அதையே பிதுக்கி டப்பாவில் அடைத்துக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்?

ஒன்றிரண்டு மாதத்தில் கன்னத் தோல் மெலிந்து, சின்ன ரத்தக் குழாய்கள் சிவப்பு நூல் போலத் தெரியும். வெயிலில் போனால் எரியும். ஒரே அளவில் பொடிப்பொடியாகப் புதுப் பரு வரும். கன்னத்தில் பூனை முடியும் அடர்ந்து வளரும். இந்த இடத்தில்தான் நம் தம்பிகள் ஏமாறுகிறார்கள். ‘பாரு, தாடியும் சேர்ந்து வருது’ என்று சென்டரில் சொல்ல, சந்தோஷமாக அடுத்த டப்பா வாங்கியிருக்கிறார்கள். அது தாடி அல்ல, ஸ்டீராய்டின் பக்கவிளைவு. தாடி டி-யால் மெதுவாக வரும். மேலுதடு, தாடை, கிருதாப் பக்கம் என்று தடித்த முடியாக ஆரம்பித்து, நிரம்பச் சில வருடங்கள் ஆகும்.

டப்பாவை நிறுத்தினால் சில நாட்களில் முகம் நெருப்பாய்ச் சிவந்து, பரு இரட்டிப்பாகத் திரும்பும். பயந்துபோய் மறுபடி அதையே தடவுவார்கள். சென்டருக்கு அதுதான் வியாபாரம். மாதக்கணக்கில் தடவியவர்கள் தாங்களாகவே எதுவும் முடிவு செய்யாமல் டப்பாவோடு ஒரு நிஜ தோல் மருத்துவரிடம் போங்கள். வீரியம் குறைந்த மருந்துக்கு மாற்றிப் படிப்படியாக நிறுத்துவதா, உடனே நிறுத்துவதா என்று அவர் பார்த்துச் சொல்வார். போர்டில் ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்று இருப்பது போதாது. எம்.டி., டி.என்.பி., டி.டி.வி.எல். போன்ற தோல் மருத்துவப் படிப்பும், மாநில மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் சீட்டில் இருக்க வேண்டும். தோலில் தடவும் ஸ்டீராய்டுகளை 2018-ல் மத்திய அரசு ‘ஷெட்யூல் எச்’ பட்டியலுக்குள் கொண்டுவந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கலில்கூட விற்கக் கூடாத சரக்கு அது.

ஏன் நம் ஆட்களே மாட்டுகிறார்கள்? ஊரில் தெரிந்துவிடக் கூடாது என்று பாலக்காட்டுக்காரர் கோவைக்கும், பொள்ளாச்சிக்காரர் பாலக்காட்டுக்கும் போகிறார். பழைய பெயர் அச்சாகும் என்று பில் கேட்பதில்லை. டி எடுப்பதையும் சொல்வதில்லை. ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

டி எடுப்பதைச் சொல்லாமல் விட்டால் இன்னொரு விபத்தும் நடக்கிறது, நல்ல டாக்டரிடம்கூட. ஆதாரில் பெண் என்று இருக்கும், முகத்தில் பரு, தாடையில் முடி, மாதவிடாய் இல்லை. பார்க்கிறவர் பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) என்றுதான் நினைப்பார். சைப்ரோடெரோன் 2 மில்லிகிராமும் எத்தினைல் எஸ்ட்ரடையால் 35 மைக்ரோகிராமும் சேர்ந்த மாத்திரையை எழுதிவிடுவார். சைப்ரோடெரோன் நீங்கள் காசு கொடுத்துப் போடும் டி-யின் வேலையைத் தடுக்கும். எஸ்ட்ரடையாலுக்கு ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. டி-யால் ரத்தம் ஏற்கெனவே கெட்டியாகி இருப்பவருக்கு இது தேவையே இல்லாத வம்பு. ஸ்பைரோனோலாக்டோனும் ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மருந்துதான். ஸ்ட்ரிப்பின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அந்த சென்டர்காரர் சொன்ன இன்னொன்று: ‘ஊசியை நிறுத்தினால்தான் பரு போகும்.’ நிறுத்த வேண்டியதில்லை. டி எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுவதால் முதல் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பரு உச்சத்தில் இருக்கும், பிறகு பெரும்பாலானவர்களுக்குக் குறையும். கவனிக்க வேண்டியது ஊசியின் ஏற்ற இறக்கத்தை. எனாந்தேட் என்ற வகை டி ஊசியை 250 மில்லிகிராம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் போட்டால் முதல் சில நாட்களில் அளவு எகிறி, கடைசி வாரத்தில் தரைக்கு வரும். காலண்டரில் ஊசி போட்ட நாளையும் பரு கிளம்பிய நாளையும் குறித்து எண்டோகிரைன் டாக்டரிடம் காட்டுங்கள். அதே மொத்த அளவை வாரா வாரம் பிரித்துப் போட அவர் சொல்லலாம். ஊசிக்குப் பதில் டி ஜெல்லும் ஒரு வழி. முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெஸ்டோஸ்டிரோன் அளவும், ரத்தம் எவ்வளவு கெட்டி என்று காட்டும் ஹீமடோகிரிட்டும் பார்க்க வேண்டும். எனாந்தேட் போடுகிறவர்கள் இரண்டு ஊசிக்கும் நடுவில் ரத்தம் கொடுங்கள். ஜிம் கோச் தரும் ஊசியைத் தொடவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

சரி, எதுதான் வேலை செய்யும்? லேசான, நடுத்தரப் பருவுக்கு இரண்டே ட்யூப், இரண்டும் மலிவு. ராத்திரி முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு, அடாபலீன் 0.1% ஜெல்லில் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தடவ வேண்டும். பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பது வீண். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். எரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் ஜெல். காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5%, அதன் மேல் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்க்ரீன். ஆரம்பத்தில் பரு கூடுவது போலத் தெரியும், விட்டுவிடாதீர்கள். 8 முதல் 12 வாரம் ஆகும். கிளிண்டாமைசின் ஜெல்லை மட்டும் தனியாகத் தடவினால் கிருமி பழகிவிடும், பெராக்சைடோடு சேர்த்துத்தான் தடவ வேண்டும்.

முதுகு, மார்புக்கு பென்சாயில் பெராக்சைடு வாஷைப் பூசி ஐந்து நிமிடம் விட்டு நன்றாகக் கழுவுங்கள். மிச்சம் ஒட்டியிருந்தால் கறுப்பு பைண்டர் (மார்பை இறுக்கித் தட்டையாக்கும் உள்ளாடை) ஆரஞ்சு நிறமாகிவிடும், துண்டும் தலையணை உறையும் அதே கதி. பாலக்காட்டு மார்ச் வெயிலில் பைண்டரை எட்டு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள். இரண்டு வைத்துக்கொண்டு தினமும் துவைத்து மாற்றுங்கள். தேங்காய் எண்ணெய் தலையோடு நிற்கட்டும், முகத்துக்கும் முதுகுக்கும் இறங்க வேண்டாம். மார்பிலும் நெற்றியிலும் ஒரே அளவில் பொடிப்பொடியாக, அரிப்போடு, வியர்த்தால் கூடுகிறது என்றால் அது பூஞ்சையாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் அதை இன்னும் கூட்டும். கீட்டோகொனசோல் போன்ற பூஞ்சை மருந்துதான் கேட்கும், டாக்டரிடம் காட்டி உறுதி செய்யுங்கள்.

கட்டி கட்டியாக வந்து தழும்பு விழுகிறது என்றால் ஐசோட்ரெடினாயின். நல்ல மருந்து, ஆனால் அந்த சென்டர் அதையும் ரத்தப் பரிசோதனை இல்லாமல் உதிரியாகக் கொடுத்திருக்கிறது. தொடங்கும் முன் கல்லீரல், கொழுப்பு டெஸ்ட் வேண்டும். கர்ப்பப்பை இருப்பவர்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும் வேண்டும். டி கருத்தடை அல்ல. மாதவிடாய் நின்றிருந்தாலும் கரு தங்கலாம், இந்த மருந்து கருவைக் கடுமையாக ஊனப்படுத்தும். தொடங்க ஒரு மாதம் முன்பிருந்து, நிறுத்தி ஒரு மாதம் வரை கருத்தடை கட்டாயம். அந்தக் காலம் முழுக்க ரத்ததானமும் கூடாது. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து எடுத்தால் மூளைக்குள் அழுத்தம் கூடும் ஆபத்து உண்டு. மனம் ரொம்பச் சோர்ந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மார்பு ஆபரேஷன் தேதி இருந்தால் சர்ஜனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் டப்பாவை வீசாதீர்கள், மூடி எடுத்து வையுங்கள். பில் இல்லாவிட்டாலும் ஜிபே ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ், முகத்தின் போட்டோக்கள் தேதியோடு இருந்தால் சாட்சிதான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகார் கொடுங்கள். அதில் முடியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கோவையில் ஏமாந்த சித்தூர்க்காரர் பாலக்காட்டிலேயே போட்டால் போதும். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆனால் தீர்ப்பு நெட்டில் பெயரோடு வரும், அதை யோசித்துக்கொள்ளுங்கள். லேபிள் இல்லாத மருந்து விற்றதற்கான புகார் மட்டும், கடை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத்தான் போக வேண்டும்.